இருட்டறைக்காரரின் கண்ணீர்

அந்த ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் விடாமல் அழுத மனிதர் ஒருவர் உண்டு. துக்கம் என்று சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை. வயிறாரச் சாப்பிடுவார், படுத்ததும் குறட்டை விடுவார், சிரிக்கவேண்டிய இடத்தில் மற்றவர்களுக்கு முன்னால் சிரித்துவிடுவார். எக்ஸ்ரே பிரிவில் படம் கழுவுகிற வேலை பார்த்தார், அவ்வளவுதான்.

காலை எட்டு மணிக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் அதற்கப்புறம் அவருடைய உலகம் ஒரு சின்ன சிவப்பு பல்பு. அதுவும் எரிகிறதா இல்லையா என்று சந்தேகப்பட வைக்கும் பல்பு. பக்கத்து அறையில் எக்ஸ்ரே எடுக்கிறவர் சுவரில் இருக்கும் சின்னப் பெட்டி வழியாகப் படத்தை உள்ளே தள்ளுவார். நம்மவர் அதை மருந்துத் தொட்டியில் முக்கி, தண்ணீரில் அலசி, இன்னொரு தொட்டியில் ஊறப்போட்டு எடுப்பார். ஏழெட்டுப் படம் சேர்ந்ததும் ஈரம் சொட்டச் சொட்ட அவற்றைத் தூக்கிக்கொண்டு வராந்தா வழியாக டாக்டர் அறைக்குப் போவார். வராந்தாவில்தான் வினை காத்திருந்தது.

அந்த வராந்தாவைக் கட்டிய புண்ணியவான் கிழக்குச் சுவர் முழுவதையும் கண்ணாடியாக வைத்துவிட்டார். தரை வெள்ளை, சுவர் வெள்ளை, உட்காரும் பெஞ்சுகூட வெள்ளை. இரண்டு மூன்று மணி நேரம் இருட்டில் ஊறிய கண்ணோடு அங்கே கால் வைத்தால் என்ன ஆகும்? இமை இரண்டும் ஒட்டிக்கொள்ளும். முகம் கோணிக்கொள்ளும். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டும். கண் கொட்டினால் மூக்கு சும்மா இருக்குமா, அதுவும் சேர்ந்துகொள்ளும். கையில் எக்ஸ்ரே படம், முகத்தில் இந்தக் கோலம், எதிர் பெஞ்சில் அந்தப் படத்துக்காகவே காத்திருக்கும் நோயாளியின் சொந்தக்காரர்கள். அவர்கள் என்னதான் நினைப்பார்கள்?

ஒருமுறை மணிக்கட்டு பிசகிய பெரியவர் ஒருவர் வந்திருந்தார். துணைக்கு எட்டுப் பேர். நம்மவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்ததும் மூத்த மகள் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு குமுற ஆரம்பித்துவிட்டாள். இவர் பதறிப்போய், அழாதீர்கள், இது வெறும் வெளிச்சம்தான் என்று சொன்னார். ஆறுதல் சொல்கிறார் என்று மற்ற ஏழு பேரும் சேர்ந்துகொண்டார்கள். பெரியவர் தன் கதை முடிந்தது என்றே நினைத்துவிட்டார். நிதானமாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சின்ன மருமகனிடம் கொடுத்துவிட்டார். எலும்பு முறியவில்லை, கட்டுப் போட்டால் போதும் என்று டாக்டர் சொன்னபிறகு அந்தக் கடிகாரத்தைத் திரும்ப வாங்க அவருக்கு நாலு நாள் ஆனது.

இப்படி வாரத்துக்கு ஒன்று. நர்ஸுகள் அவரை 'அழுகை அண்ணன்' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்த்தார். அப்புறம் என்ன, பெயர் நிலைத்துவிட்டது.

கண் டாக்டரிடமும் போய் நின்றார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: இருட்டுக்குப் போனால் கண் உடனே பழகாது, நன்றாகப் பழக அரை மணி நேரம் ஆகும். உள்ளே ஒரு சாயம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், அது சேரச் சேரத் துளி வெளிச்சமும் பெரிதாகத் தெரியும். அப்படிப்பட்ட கண்ணை வெயிலுக்குக் கொண்டுவந்தால் சேர்ந்த சாயம் முழுதும் ஒரே நொடியில் வெளிறும். அதுதான் கூசுகிறது. நாலைந்து நிமிஷம் பொறுத்தால் தானாகச் சரியாகிவிடும். நோய் இல்லை, மருந்தும் இல்லை. நம்மவர் வீட்டில் இதைத் தன் பாணியில் விளக்கினார். இருட்டில் கண் எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம், வெளியே வந்ததும் ஊரே உள்ளே புகுந்துவிடுகிறதாம்.

புகார் மேலே போனது. சூப்பரின்டென்டென்ட் முதலில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு வந்த முதல் நாளே வராந்தா முனையில் நின்ற ஆக்ஸிஜன் சிலிண்டரை, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று இரண்டு தடவை கெஞ்சினார். மூன்றாவது தடவை கோபித்துக்கொண்டார். அன்றோடு கண்ணாடி மேஜை டிராயருக்குள் போனது. அடுத்து ஓர் உத்தரவு வந்தது. இருட்டறைக்கு இரண்டு கதவு உண்டு. வெளிச்சம் உள்ளே வரக்கூடாது என்பதற்காக ஒன்றைச் சாத்திவிட்டு மற்றதைத் திறக்கும்படி நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம். அதில் மங்கலாக ஒரு பல்பு மாட்டினார்கள். அங்கே முந்நூறு எண்ணும்வரை நின்று, கண் பழகியபின்தான் வெளியே வரவேண்டும். நம்மவர் நாற்பது வரை எண்ணுவார். அதற்குள் எக்ஸ்ரே எடுக்கிறவர் "படம் எங்க?" என்று கத்துவார். நாற்பதிலிருந்து நேராக வராந்தாவுக்குத் தாவுவார். மறுபடியும் யாராவது ஒருவர் மயங்கி விழுவார்.

அவருடைய மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின், சுவர் முழுக்க மாட்டிய சட்டைகள், தரை முழுக்கத் துணித்துண்டு. வெளிச்சம் இல்லாவிட்டால் அவருக்குக் கை ஓடாது. நூறு வாட்ஸ் பல்பை மூக்குக்கு நேராகத் தொங்கவிட்டுக்கொண்டு தைப்பார். புருஷன் வேலை முடிந்து வந்ததும் செய்கிற முதல் காரியம் அந்த பல்பை அணைப்பது. மனைவி செய்கிற இரண்டாவது காரியம் அதை மறுபடி போடுவது. முதல் காரியம் திட்டுவது. கரண்ட் போகிற நாட்களில் மட்டும் வீட்டில் நம்மவருக்கு மரியாதை. தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, கீழே விழுந்த ஊசி எல்லாவற்றையும் பட்டப்பகலில் எடுப்பதுபோல எடுத்துக் கொடுப்பார். கரண்ட் வந்ததும் அந்த மரியாதை போய்விடும்.

கொஞ்சம் கோணலாக எதைப் பார்த்தாலும் அந்த அம்மாளுக்குப் பொறுக்காது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் காலர் பிரிந்திருந்தால் தட்டிக் கூப்பிட்டு, இறங்குவதற்குள் தைத்துக் கொடுத்துவிடுவார். கைப்பையில் ஊசி, நூல், விதவிதமான பட்டன் எப்போதும் இருக்கும். பெயர் தெரியாத எத்தனையோ பேர் அவர் போட்ட தையலோடு ஊரில் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாளுக்கு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். ராத்திரியெல்லாம் லொக்கு லொக்கு. ஆஸ்பத்திரிக்கு வா என்று புருஷன் கேட்டால், தைக்கவேண்டிய சட்டை நாற்பது கிடக்கிறது என்பார். உண்மையில் அவருக்குப் பயம். புருஷன் இத்தனை வருஷமாகச் சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ நெஞ்சுப் படக் கதைகள் சொல்லியிருக்கிறார். நுரையீரல் என்றால் படத்தில் கறுப்பாக இருக்கவேண்டும், அதில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் ஆபத்து என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். இப்போது அந்தக் கதைகளே அந்த அம்மாளை ஆஸ்பத்திரிப் பக்கம் போகவிடாமல் தடுத்தன.

கடைசியில் அந்த அம்மாளின் தம்பிதான் இழுத்துக்கொண்டு வந்தார். தம்பி ஒரு தனிப் பிறவி. எதிர் வீட்டுப் பூனை தும்மினாலும் இவருக்குக் கண் கலங்கும். அக்காவைக் கையைப் பிடித்து அழைத்து வந்ததைப் பார்த்தால் நோயாளி யார் என்றே தெரியாது.

இருட்டறைக்குள் இருந்த நம்மவருக்குச் சுவர் வழியாக எல்லாம் கேட்டது. மனைவிக்கு ஆஸ்பத்திரி அங்கி கொடுத்தார்கள். உடை மாற்றும் தடுப்புக்குள் போனவர் வெளியே வரவில்லை. எக்ஸ்ரே எடுக்கிறவர் இரண்டு முறை கூப்பிட்டார். "வர்றேன், வர்றேன், பறக்காதீங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. ஐந்து நிமிஷம் கழித்து வந்தார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். மெஷின் சத்தம் கேட்டது. சுவர்ப் பெட்டி வழியாகப் படம் உள்ளே வந்தது.

ஆயிரக்கணக்கான படங்களை முக்கிய கை அது. அன்றைக்குக் கிளிப்பை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்து மாட்டியது. படத்தைத் தொட்டிக்குள் இறக்கி எண்ண ஆரம்பித்தார். பாதியில் தூக்கிச் சிவப்பு விளக்கில் பார்த்தார். விலா எலும்பு ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. இருபக்கமும் நுரையீரல் கறுக்க ஆரம்பித்தது. வலது பக்கம் மட்டும், நடுவில், வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி. சுண்டு விரல் நகம் அளவு இருக்கும்.

மறுபடி முக்கினார், மறுபடி தூக்கினார். புள்ளி போகவில்லை, இன்னும் பளிச்சென்று நின்றது.

சிவப்பு விளக்கில் இதற்குமேல் பார்க்க முடியாது. அடுத்த தொட்டியில் பத்து நிமிஷம் ஊறினபிறகுதான் வெள்ளை விளக்கு போடலாம். அவசரப்பட்டுப் போட்டால் படம் முழுதும் கறுத்துப்போகும். அந்தப் பத்து நிமிஷம் அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. முதலில் சமையலறைக் குழாய் ஞாபகம் வந்தது. எட்டு மாதமாகச் சொட்டுகிறது, வாஷர் மாற்றுங்கள் என்று அவள் கேட்காத நாள் இல்லை, இவர் மாற்றவில்லை. அப்புறம் அந்த நூறு வாட்ஸ் பல்பு. அதை இவ்வளவு காலம் எதற்காக அணைத்துத் தொலைத்தோம் என்று நினைத்தார். இனி நூறு பல்பு எரியட்டும், கண் அவிந்தாலும் பரவாயில்லை. பாவி மனுஷன் நான், அவள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் நெஞ்சுப் படக் கதை சொன்னேனே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பத்து நிமிஷம் முடிந்தது. கை ஸ்விட்சுக்குப் போகவில்லை. இந்த விளக்கைப் போடாதவரை வெளியே எதுவும் நடந்ததாக ஆகாது என்று அவருக்குத் தோன்றியது. முட்டாள்தனமான யோசனைதான். ஆனாலும் அதைவிட நல்ல யோசனை அந்த நேரத்தில் அவரிடம் இல்லை. மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எக்ஸ்ரே எடுக்கிறவர் சுவரைத் தட்டினார், படம் எங்கே என்று கேட்டார். இன்னும் ஊறவில்லை என்று பதில் போனது. கொஞ்சம் கழித்து மறுபடி தட்டினார். மருந்து பழசு என்று பதில் போனது. மூன்றாவது முறை தட்டியபோது, மருந்து நேற்றுத்தானே மாற்றியது என்று அவரே கேட்டுவிட்டார். பொய் தீர்ந்துபோனது. எழுந்து ஸ்விட்சைப் போட்டார்.

போட்டதும் என்ன தெரிந்தது? ஒன்றும் தெரியவில்லை. சுண்ணாம்பை வாரிக் கண்ணில் அடித்த மாதிரி எங்கும் வெள்ளை. இமை தானாக மூடிக்கொண்டது, தண்ணீர் கொட்டியது. படம் கையில் இருக்கிறது, விளக்கு எரிகிறது, இருபத்திரண்டு வருஷ அனுபவம் இருக்கிறது, பார்க்கத்தான் கண் இல்லை. விரலால் இமையைப் பிடித்துத் திறந்தார். இன்னும் மோசம். தன் கண்ணையே வாய்விட்டுத் திட்டினார். முந்நூறு எண்ணச் சொன்ன சூப்பரின்டென்டென்ட்டை அன்றுதான் முதல்முறையாக மதித்தார். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தார்.

தொண்ணூறில் தொட்டியின் விளிம்பு தெரிந்தது. நூற்றைம்பதில் விலா எலும்பு. இருநூறில் புள்ளி. படத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். புள்ளியின் ஓரம் காசு மாதிரி சுத்தமான வட்டம். நடுவில் ஏதோ பொடியாக இருந்தது. இருநூற்று நாற்பதில் அதுவும் தெளிந்தது. நாலு துளை. சதுரமாக, அளவெடுத்துப் போட்டதுபோல நாலு துளை.

எந்த நோயும் நாலு துளையோடு வராது. அதற்கு டாக்டர் வேண்டாம், சட்டை போடுகிற யாரும் சொல்லிவிடலாம்.

இரண்டு கதவையும் திறந்துகொண்டு, நடுவில் ஒன்றுகூட எண்ணாமல், படத்தைத் தலைக்குமேல் பிடித்தபடி வராந்தாவில் வந்து விழுந்தார். கண்ணாடிச் சுவர் முழுக்க வெயில். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகுகிறது, நெஞ்சு விம்முகிறது. தம்பி பார்த்தார். பார்த்தவர் "அத்தான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அப்படியே பெஞ்சில் சரிந்தார். பெஞ்சில் இருந்த ஆறேழு பேர், யாருக்காக என்று தெரியாமலே முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு நர்ஸ் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

நம்மவர் கண்ணைத் திறக்க முடியாமல் கையை நீட்டித் துழாவினார். முதல் துழாவலிலேயே மனைவியின் தோள் அகப்பட்டது. அங்கியைத் தடவினார். வலது பக்கம், நெஞ்சுக்கு நேராக, விரலில் இடித்தது.

"இத யாரு தச்சது?" என்று கேட்டார்.

"நான்தான். கயிறு அறுந்து தொங்குது, அதான் ஒரு பட்டன் வச்சுத் தச்சேன். இத்தன பேரு போடுற அங்கி, ஒருத்தருக்கும் தைக்கணும்னு தோணல. அப்படியே வந்து நிக்க எனக்கு மனசு வரல. ஏன், கோணலா இருக்கா?"

கோணலாக இல்லை. படத்தில்கூட நேராகத்தான் இருந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். அழுதுகொண்டே சிரிக்கிற ஆளைப் பார்த்து, பெஞ்சுக்காரர்களுக்கு இன்னும் பயமாகிவிட்டது. விஷயம் புரிந்ததும் மனைவியும் சிரித்தார், சிரித்து இருமினார், இருமிச் சிரித்தார். தம்பிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தபிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதற்கும் ஒரு பாட்டம் அழுதார்.

எக்ஸ்ரே எடுக்கிறவர் சிரிக்கவில்லை. அவர் பங்குக்கு அவருக்கு வெட்கம், பட்டனைப் பார்க்காமல் படம் எடுத்துவிட்டாரே. பட்டனுக்குப் பின்னாலும் நுரையீரல் இருக்கிறது, அங்கே என்ன இருக்கிறதென்று தெரியாது, மறுபடி எடுக்கவேண்டும் என்றார். சிரிப்பு நின்றது. மனைவி பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துத் தானே போட்ட தையலைத் தானே பிரித்தார். நல்ல தையலைப் பிரிக்க அவருக்கு மனம் வரவில்லை, முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார். பட்டனைப் பத்திரமாகப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நம்மவர் திரும்பவும் உள்ளே போனார். பழகிய கண் மறுபடி இருட்டுக்குப் போனதால் தொட்டி எது சுவர் எது என்று தெரியாமல் முட்டிக்கொண்டார். இந்த முறை பாதியில் தூக்கிப் பார்க்கவில்லை. ஊறவேண்டிய நேரம் முழுக்க ஊறவிட்டு, விளக்கைப் போட்டு, கண் தெளிகிறவரை படத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் முன்னால் கொண்டுவந்து பார்த்தார். இரண்டு பக்கமும் கறுப்பு. நல்ல கறுப்பு. ஓர் ஓரம்கூட வெளுக்கவில்லை.

டாக்டர் படத்தைப் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், என்ன வேலை என்று விசாரித்தார். துணித் தூசுதான் காரணம், வாயில் துணி கட்டிக்கொண்டு தையுங்கள், முன்னறை ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லி, மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

தம்பி மருந்து வாங்கப் போனார். புருஷனும் பெண்டாட்டியும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குக் கண் நன்றாகப் பழகிவிட்டது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். காலையிலிருந்து இப்போதுதான் சரியாகப் பார்க்கிறார். இரண்டு கண்ணும் சிவந்து வீங்கியிருந்தன. அவள் இருட்டறைக்குள் போனவள் இல்லையே என்று யோசித்தார்.

"உன் கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

அந்த அம்மாள் பையைத் திறந்து மூடினார்.

"மொத படம் எடுத்தப்புறம் உள்ள ஸ்டூல் இழுக்குற சத்தம் கேட்டுச்சு. வேல நேரத்துல நீங்க ஒருநாளும் உக்கார மாட்டீங்க. எதையோ பாத்துட்டீங்கன்னு தெரிஞ்சு போச்சு."

"அப்ப கதவத் தட்டி இருக்கலாம்ல?"

"தட்டினா நீங்க எழுந்திரிச்சு வரணும், வந்து எங்கிட்ட சொல்லணும். உங்களால முடியாது. அதான் நானும் கதவோரமா வந்து உக்காந்துட்டேன்."